வைதேஹியின் பேப்பர் திரும்பி வராது

வைதேஹி அனுப்பிய பேப்பர் அப்ஜெக்‌ஷனோடு திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. அமைச்சகத்தின் மூன்றாவது மாடியில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். வேலையில் இருக்கும்போதே இறந்துபோனவர்களின் குடும்பத்துக்குச் சேர வேண்டியதை வாங்கிக் கொடுப்பதுதான் அவளுடைய செக்‌ஷனின் வேலை. ஆபீஸ் பாஷையில் அதற்கு டெத் கேஸ் என்று பெயர். தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து நிற்கிற பெண்ணை முதலில் நாற்காலியில் உட்கார வைப்பாள். சாய் வரவழைத்துக் கொடுப்பாள். அந்தப் பெண் அதைக் குடித்து முடித்த பிறகுதான், "டெத் சர்டிபிகேட் நாலு காப்பி இருக்கா?" என்று கேட்பாள். மற்ற செக்‌ஷன்களில் ஆறு மாதம் இழுக்கிற கேஸ் அவளிடம் ஆறு வாரத்தில் முடியும்.

சர்க்கார் குமாஸ்தா என்றாலே நமக்கெல்லாம் ஓர் இளக்காரம் உண்டு. எனக்கும் இருந்தது. வைதேஹியைத் தெரிந்த பிறகு அதை விட்டுவிட்டேன். ஒரு கமா விட்டுப்போனதற்காக ஒரு விதவையைப் பரேலியிலிருந்து மறுபடி ரயிலேற வைக்கக் கூடாது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஒருத்தி இருந்தாள் என்பதை யாராவது எழுதி வைக்க வேண்டும்.

அவள் பிறந்தது டெல்லி கரோல் பாக்கில், ஒரு பஞ்சாபிக்காரர் வீட்டு மாடிப் போர்ஷனில். அப்பா கும்பகோணத்திலிருந்து வந்த அப்பர் டிவிஷன் கிளார்க். படித்தது லக்ஷ்மிபாய் நகர் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். இருபத்தொரு வயதில் பரீட்சை எழுதி லோயர் டிவிஷன் கிளார்க்காகச் சேர்ந்து, படிப்படியாகச் செக்‌ஷன் ஆபீசர் ஆனாள். கணவர் சுந்தரேஷ் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் கணக்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து ஒரே பெண், ஸ்நேகா. பள்ளிக்கூடம் இருந்த அதே லக்ஷ்மிபாய் நகரில் சர்க்கார் குவார்ட்டர்ஸ். வைதேஹி ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம். எல்லாம் வரிசையாக, ஃபைலில் பக்க எண் போட்ட மாதிரி நடந்துகொண்டிருந்தது.

போன வருஷம் பிப்ரவரியில் ஸ்நேகா டிவியில் மாட்டி விளையாடுகிற அந்தக் கேம் பெட்டியை வாங்கி வந்தாள். குருகிராமில் ஒரு கம்பெனியில் வேலை. கரோல் பாக் கடையில் பேரம் பேசி ஐம்பத்தைந்தாயிரத்துக்கு எடுத்திருந்தாள்.

"ஐம்பத்தஞ்சாயிரமா? டிவியே இருபத்தஞ்சுதானேடி!" என்றாள் வைதேஹி.

"அம்மா, இது சீப் மாடல். டிஸ்க் போடற மாடல் இன்னும் ஜாஸ்தி. இதுல டிஸ்க்கே கிடையாது. எல்லாம் மேல, கிளவுட்லதான் இருக்கும்."

வைதேஹி அண்ணாந்து சீலிங் ஃபேனைப் பார்த்தாள். ஸ்நேகா விழுந்து விழுந்து சிரித்தாள். நாலு மாதம் கழித்து அந்தப் பெட்டியின் விலையைக் கம்பெனி ஆறாயிரம் ஏற்றியபோது, "பாத்தியா, லாபம்!" என்று பீற்றிக்கொண்டாள். பழசாக ஆக விலை ஏறுகிற மிஷினை அந்த வீட்டில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. விளையாட வருஷத்துக்கு நாலாயிரம் சந்தா வேறு. கார்டிலிருந்து தானாகவே போய்விடும்.

முதல் நாள் பெட்டியை மாட்டியதும் டிவியில் பக்கம் பக்கமாக என்னென்னவோ கேட்டது. உன் குரலைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாமா, நீ எதை எவ்வளவு நேரம் பார்க்கிறாய் என்று குறித்துக்கொள்ளலாமா, இந்த விதிகளுக்கெல்லாம் சம்மதமா. ஸ்நேகா சம்மதம், சம்மதம் என்று அழுத்திக்கொண்டே போனாள்.

"படிக்காம கையெழுத்துப் போடாதே ஸ்நேகா. எத்தனை தடவை சொல்றது?"

"நாப்பது பக்கம் இருக்கு. லோகத்துல ஒருத்தராவது இதைப் படிச்சிருப்பாளா?"

அவள் விளையாடியது சுடுகிற, வெட்டுகிற விளையாட்டு அல்ல. அதில் ஒரு ஊர் இருந்தது. உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் அங்கே ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம், மற்றவர்கள் வீட்டுக்குப் போய் வரலாம். குளக்கரையில் ஸ்நேகா ஒரு மஞ்சள் வீடு கட்டினாள். யாராவது வந்து கதவைத் தட்டினால் வரவேற்பதற்கு வீட்டுக்காரர் தன் குரலில் ஏதாவது பேசி வைக்கலாம். ஸ்நேகா மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு வைதேஹியைப் போலவே பேசி வைத்தாள்.

"வந்தாச்சா? செருப்பை வெளில விடுங்கோ. கையக் கால அலம்பிண்டு உள்ள வாங்கோ, காபி ஆறிடும். ஜல்தி, ஜல்தி!"

இரண்டாவது ஜல்தியில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு சேர்த்தே பதிவாகிவிட்டது. மொத்தம் பதினோரு விநாடி. "நான் இப்படியா கீச்சுகீச்சுன்னு கத்தறேன்?" என்று வைதேஹிக்குக் கோபம். "அப்படியேதான் இருக்கு" என்று சுந்தரேஷ் பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னார். அவரையும் விளையாட வைக்க ஸ்நேகா பார்த்தாள். நடப்பதற்கான பொத்தானை மட்டும் அவர் கற்றுக்கொண்டார். அதிலும் நேரே நடந்து குளத்தில் விழுவார். "அப்பா, லெஃப்ட்டு, லெஃப்ட்டு!" என்று அவள் கத்துவது பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வரை கேட்கும்.

அக்டோபரில் டெங்கு. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஏழாம் நாள் இல்லை. இருபத்தாறு வயது. இதற்கு மேல் அதை நீட்டிச் சொல்ல எனக்கு மனசில்லை.

பதின்மூன்று நாள் காரியம் முடிந்து வைதேஹி ஆபீசுக்குப் போனாள். போய், தன் வாழ்க்கையிலேயே ஒழுங்கான டெத் கேஸைத் தொடங்கினாள். வேறென்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. சர்டிபிகேட் இருபது காப்பி எடுத்தாள். வங்கிக் கணக்கை நவம்பரில் மூடினாள், கார்டைக் கத்தரித்தாள். பி.எஃப். பணம் வந்தது. மொபைல் நம்பரை டிசம்பரில் ஒப்படைத்தாள். கம்பெனி லேப்டாப்பைக் கம்பெனிக்காரர்களே வந்து எடுத்துப் போனார்கள். ஸ்நேகாவின் போன் மட்டும் மிஞ்சியது. அது அவள் முகத்தைக் காட்டினால் திறக்கும், இல்லாவிட்டால் அவளுக்கு மட்டுமே தெரிந்த நம்பர் வேண்டும். தப்பான நம்பரைப் பத்து தடவை அடித்த பிறகு ஒரேயடியாகப் பூட்டிக்கொண்டது. அதிலிருந்த படமும் பேச்சும் அதோடு சரி. அம்மா அப்பா போனில் இருந்த வீடியோக்களில் ஸ்நேகா இல்லை. எடுத்ததெல்லாம் அவள்தானே.

சுந்தரேஷ் பேசுவதை நிறுத்திவிட்டார். கோபமில்லை, அழுகையுமில்லை. பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை மத்தியானம் வரை பார்ப்பார். மலை மந்திர் முருகன் கோவிலுக்குப் போவது நின்றது. தட்டில் போட்டதைச் சாப்பிடுவார், போடாவிட்டால் கேட்க மாட்டார். இப்படியே ஒரு மாதம்.

நவம்பர் கடைசியில் ஒரு நாள் சாயங்காலம், வைதேஹி சமையலறையில் குக்கர் வைத்துக்கொண்டிருந்தாள். கூடத்திலிருந்து குரல் கேட்டது.

"வந்தாச்சா? செருப்பை வெளில விடுங்கோ."

அவள் கையிலிருந்த பாத்திரம் விழுந்தது. ஓடி வந்து பார்த்தாள். சுந்தரேஷ் டிவிக்கு முன்னால் பிரம்பு மோடாவில் உட்கார்ந்திருந்தார். கையில் ஸ்நேகாவின் கன்ட்ரோலர். திரையில் மஞ்சள் வீட்டின் கதவு திறந்திருந்தது. அவர் திரும்பாமலே சொன்னார்: "குளத்துல விழாம வந்துட்டேன்."

ஐந்து வாரத்தில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

அன்றிலிருந்து தினம் ஆறு மணிக்கு அந்தக் கதவைத் தட்டினார். அந்த ஊரில் அவருக்கு வேறு வேலையே இல்லை. கதவு திறக்கும், குரல் வரும், சிரிப்பு வரும். உள்ளே போவார், வெளியே வருவார், மறுபடி தட்டுவார். அது முடிந்ததும் சாப்பிட வருவார். "ரசத்துல உப்பு கம்மி" என்றுகூட ஒரு நாள் சொன்னார்.  ஆறு மணியானால் வைதேஹி குக்கர் சத்தம் போடாமல் அடுப்பைத் தணித்து வைத்துவிடுவாள். அந்த மனுஷர் உயிரோடு இருந்தது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

அதை போனில் ஒரு தடவை பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம் என்று இருவருக்கும் தோன்றவில்லை. தினமும் கேட்கிற குரலை யார் எடுத்துப் பத்திரப்படுத்துவார்கள்?

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் ஊர் திறக்கவில்லை. திரையில் ஒரு கட்டம். சந்தா முடிந்துவிட்டது, கார்டிலிருந்து பணம் எடுக்க முடியவில்லை. புதுச் சந்தா ஐயாயிரம். கட்டாவிட்டால் உங்கள் வீட்டை இன்னும் தொண்ணூறு நாள் வைத்திருப்போம், அதற்குப் பிறகு எடுத்துவிடுவோம். சுந்தரேஷ் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இதை நாலு தடவை படித்தார்.

"கட்டிடலாமே. ஐயாயிரம்தானே" என்றாள் வைதேஹி.

பணம் இருந்தது. அதைக் கட்டத்தான் வழியில்லை. புதுக் கார்டு நம்பரை அடித்தால், ஸ்நேகாவின் மொபைலுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது. அந்த நம்பரை ஒப்படைத்ததே வைதேஹிதான். ஈமெயிலுக்கு அனுப்பட்டுமா என்றது. அது பூட்டிய போனுக்குள் இருந்தது. தான் எவ்வளவு கச்சிதமாக ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வந்திருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் செக்‌ஷனில் மஞ்சுவிடம் சொன்னாள். மஞ்சு வேலூர்ப் பெண், வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. வீட்டில் அவள் தம்பி இதே பெட்டியை வைத்துக்கொண்டு மல்லாடுகிறவன்.

"மேடம், இதுக்கு ஏன் கவலைப்படறீங்க? கடையில கூப்பன் கார்டு விக்கிறாங்க. வாங்கி அதுல இருக்கற நம்பரை அடிச்சா போதும், ஓடிபி எதுவும் கேக்காது. ஸ்நேகா பேர்லயே ஓடட்டும். அவங்க இல்லைன்னு கம்பெனிக்கு எதுக்குத் தெரியணும்?"

"செத்துப் போனவ பேர்ல பணம் கட்டறதா? இருக்கற மாதிரி காட்டிண்டா?"

"யாருக்கு மேடம் நஷ்டம்?"

 பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கேஸ் வைதேஹி கைக்கு வந்தது. அப்பா செத்ததைச் சொல்லாமல் ஆறு வருஷம் அவருடைய பென்ஷனை வாங்கித் தின்ற ஒரு மகன். அதைக் கண்டுபிடித்து, எழுதி, கடைசி ரூபாய் வரை திருப்பிக் கட்ட வைத்தது அவள். அந்த மகனும் இதைத்தான் கேட்டான், யாருக்கு மேடம் நஷ்டம் என்று.

அதோடு, இறந்துபோனவருடையது வாரிசுக்குப் போகும் என்பது அவளுக்கு அரிச்சுவடி. நாமினி பெயர் இருந்தால் நாமினிக்கு. இல்லாவிட்டால் சட்டப்படி வாரிசுக்கு. முப்பத்தாறு வருஷம் அதைச் செய்துதான் சம்பளம் வாங்கியிருக்கிறாள். ஐம்பத்தைந்தாயிரம் கொடுத்து வாங்கிய பெட்டி, வருஷச் சந்தா கட்டிய வீடு, தன் பெண்ணின் குரல். இதையெல்லாம் பெயர் மாற்றித் தர மாட்டேன் என்று ஒரு கம்பெனி சொல்லும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

கம்பெனியின் இணையதளத்தில் தேடினாள். உதவிப் பக்கத்தில் ஒரு படிவம் இருந்தது. என்ன காரணம் என்று கேட்ட இடத்தில், 'கணக்கு வைத்திருப்பவர் இறந்துவிட்டார்' என்று ஒரு வரி. அதைத் தேர்ந்தெடுத்ததும் இறப்புச் சான்றிதழ், விண்ணப்பிப்பவரின் அடையாளம், உறவுக்கான ஆதாரம் மூன்றும் கேட்டது. அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இது தெரிந்த பாஷை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கவரிங் லெட்டர் எழுதினாள். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் போட்டு, மேற்படி கணக்கைக் கணவர் சுந்தரேஷ் பெயருக்கு மாற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொண்டாள். சான்றிதழ்களில் உண்மை நகல் என்று எழுதிக் கையெழுத்திட்டு ஸ்கேன் எடுத்தாள். தொண்ணூறு நாள் இருக்கிறதே, யோசிக்கலாமே என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கெடு வரை காத்திருக்கிற ஜாதி இல்லை அவள். படிவத்துக்குக் கீழே பொடி எழுத்தில் விதிமுறைகளுக்கான இணைப்பு இருந்தது. அந்த நாற்பது பக்கம். எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடாத வைதேஹி அதைத் திறந்தாள். படிவத்தில் கணக்கு எண்ணைப் போட்டிருந்ததால், முதல் பக்கத்தில் ஸ்நேகாவின் பெயருக்குப் பக்கத்தில், சம்மதித்த தேதி என்று போன பிப்ரவரியின் ஒரு நாள் இருந்தது. அவள் கண் நிறைந்துவிட்டது. மூடிவிட்டு அனுப்பு என்பதை அழுத்தினாள்.

சுந்தரேஷ் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். "நீ எழுதினா காரியம் ஆகாம இருக்குமா?" என்று அவள் தோளைத் தொட்டார். பல மாதம் கழித்து அவர் அவளைத் தொட்டது அப்போதுதான்.

மூன்று நாள் அவர் ஆறு மணிக்கு மோடாவில் போய் உட்கார்ந்து, திரையில் அந்தக் கட்டத்தையே பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

புதன்கிழமை மத்தியானம் ஆபீசில் அவளுக்குப் பதில் வந்தது. எந்த விளக்கமும் கேட்கவில்லை. ஒரு காகிதம்கூடக் குறையில்லை. உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம் என்று தொடங்கியது. இந்தக் கணக்கு வேறு எவருக்கும் மாற்றத்தக்கதல்ல. இறந்தவரின் அந்தரங்கத்தைப் பாதுகாப்பது எங்கள் கடமை. ஆகவே நீங்கள் அளித்த ஆதாரங்களின் பேரில் கணக்கும், வீடும், குரல் பதிவுகள் உட்பட அதிலிருந்த எல்லாமும் நிரந்தரமாக அழிக்கப்பட்டன. இதைத் திரும்பப் பெற இயலாது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள்?

யாரிடமிருந்து யாருடைய அந்தரங்கத்தைக் காப்பாற்றினார்களாம்? ஸ்நேகா பேசுவதையும் விளையாடுவதையும் நேரம் போட்டுக் குறித்து வைத்துக்கொண்ட கம்பெனி, பெற்றவர்களிடமிருந்து அவளைக் காப்பாற்றியது. 

 மஞ்சுதான் ஹெல்ப்லைன் நம்பரைத் தேடிப் போட்டுக் கொடுத்தாள். எடுத்தவன் நல்ல மாதிரியாகத்தான் பேசினான்.

"தம்பி, நான் அழிக்கச் சொல்லலை, பேர் மாத்தித்தான் கேட்டேன்" என்று ஹிந்தியில் திரும்பத் திரும்பச் சொன்னாள் வைதேஹி. "லெட்டர்ல தெளிவா எழுதியிருக்கேன். படிச்சுப் பாருங்கோ."

அவன் ஏதோ தட்டிப் பார்த்தான். லெட்டரை யாரும் திறக்கவில்லை போலிருக்கிறது. சர்டிபிகேட் மட்டும் போதுமானதாக இருந்திருக்கிறது.

"மேடம்ஜி, ஆப்னே ஹீ தோ லிக்கா தா" என்றான். நீங்கள்தானே எழுதினீர்கள், அவர் இறந்துவிட்டார் என்று.

"எழுதாம இருந்திருந்தா?"

அவன் குரலைத் தணித்துக்கொண்டு, யாரும் சொல்லாவிட்டால் எங்களுக்கு எப்படித் தெரியும் மேடம்ஜி, சந்தா கட்டுகிற வரைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் என்றான்.

வைதேஹி போனை மேஜைமேல் வைத்தாள். எதிர் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரம் முன்னால் மாரடைப்பில் போன டிரைவரின் மனைவி. கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் நாலு காப்பி. சாய் ஆறிக்கொண்டிருந்தது. அந்த உறையை வாங்க வைதேஹி கையை நீட்டவே இல்லை. மஞ்சு வந்து அந்தப் பெண்ணைத் தன் இடத்துக்கு அழைத்துப் போனாள்.

வீட்டுக்கு வரும்போது ஆறு அடித்துவிட்டது. கதவு ஒருக்களித்திருந்தது. சுந்தரேஷ் மோடாவில் உட்கார்ந்திருந்தார், கையில் கன்ட்ரோலர். திரையில் அந்தக் கட்டம் இல்லை. வெள்ளையாக ஒரு பக்கம், நடுவில் ஒரே ஒரு வரி. வணக்கம், புதிய பயனரே, உங்கள் பெயர் என்ன?

"வைதேஹி, பேர் கேக்கறது பார்" என்றார். முகத்தில் ஓர் எதிர்பார்ப்பு. "உன் பேப்பர் பாஸாயிடுத்து போலிருக்கு. என் பேரைப் போடட்டுமா? போட்டா வீடு வந்துடும், இல்லையா?"

டெத் கேஸில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கெட்ட செய்தியை நிதானமாகச் சொன்னவள்.  அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கைப்பையைத் தோளிலிருந்து எடுக்கக்கூட இல்லை. போய்விட்டது என்றாள். வீடு போய்விட்டது, குரலும் போய்விட்டது, நான் எழுதியதால்தான் போயிற்று என்றாள். அவர் புரியாதவர் போல அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எதையோ அழுத்தினார். இன்னும் எதையோ அழுத்தினார். விரல் நடப்பதற்கான பொத்தானுக்குப் போனது. நடக்க அங்கே தரையே இல்லை.

"ஒரு தடவை கேட்டுட்டா போறும்" என்றார். "ஒரே ஒரு தடவை."

வைதேஹி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள். அந்தக் குரல் தன்னைப் பார்த்துப் போட்டதுதானே, அப்படியேதான் இருக்கு என்று அவரே சொன்னாரே என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"வந்தாச்சா?" என்றாள். "செருப்பை வெளில விடுங்கோ. கையக் கால அலம்பிண்டு உள்ள வாங்கோ, காபி ஆறிடும். ஜல்தி... ஜல்தி."

சுந்தரேஷ் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் முடித்த பிறகும் தலையைச் சாய்த்து, இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்.

"கடைசில அவ சிரிப்பாளே" என்றார்.